ஏறாத வைட்டமின்

காலை பத்து மணி. மருந்துக் கடைக்குப் பூட்டுப் போட்டு, அதன் மேல் சீலும் வைத்தார் மருந்து ஆய்வாளர். பக்கத்தில் நின்ற கடைக்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

“மேடம், போலி மாத்திரை விக்கிறவன்னு பேர் கெட்டுச்சுன்னா அப்புறம் ஒருத்தன் என் கடைப்படி ஏற மாட்டான். குடும்பத்தோட தெருவுலதான் நிக்கணும்.”

புகார் கொடுத்தது ஓர் அம்மா. பத்தாம் வகுப்புப் படிக்கும் மகளுக்கு ஓயாத முழங்கால் வலி. வைட்டமின் டி குறைவாம். வாரம் ஒரு மாத்திரை என்று மூன்று மாதம் இங்கேதான் வாங்கினார்கள். மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தால் அளவு ஏறக் காணோம். இருந்ததும் இறங்கியிருந்தது!

சில நாள் கழித்து, கடையில் எடுத்த மாத்திரைகள் அசல் என்றது ஆய்வுக்கூடம். அம்மா விடுவதாக இல்லை.

“நான் புகார் கொடுத்ததும் சரக்கை மாத்தியிருப்பான்.”

அன்று மாலை ஐந்து மணிக்கு அவர்கள் வீட்டுக்கே போனார் ஆய்வாளர். வெளியே வெயில் காய்ந்தது. உள்ளே திரை இழுத்து, விளக்குப் போட்டிருந்தது. மகளின் அறையில் துணியெல்லாம் குவியலாகக் கிடக்க, ஒரே ஓர் உடுப்பு மட்டும் இஸ்திரி போட்டு மாட்டியிருந்தது. ஆய்வாளர் கட்டிலில் உட்கார்ந்ததும், தரையில் கிடந்த ஷூவைக் காலால் கட்டிலுக்கடியில் தள்ளினாள் மகள்.

“மாத்திரையை யார் எடுத்துக் கொடுப்பாங்க?”

“நானேதான். அம்மா ஆபீஸ்லேர்ந்து ‘போட்டியா’ன்னு கேப்பாங்க. ‘போட்டேன்’னு சொல்லுவேன்.”

“அந்த டிரெஸ் எதுக்கு?”

“ஆஸ்பத்திரிக்கு. மறுபடி டெஸ்ட் இருக்குல்ல?” மகளின் முகம் மலர்ந்தது. “அங்க உள்ள போன் கொண்டுபோக விட மாட்டாங்க. நம்ம டோக்கன் வர்ற வரைக்கும் அம்மா என்கிட்டதான் பேசணும்.”

ஆய்வாளருக்குச் சுருக்கென்றது. தட்டை வைத்துக்கொண்டு டிவியோடு பேசிச் சாப்பிடும் வீடுதான் அவருடையதும். குனிந்து ஷூவை இழுத்தார். புது ஷூ, அடியில் துளி மண் இல்லை. கவிழ்த்ததும் மாத்திரைகள் பொலபொலவென்று கொட்டின.

அறை வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்தார்.

“கடைக்காரர் மேல தப்பே இல்லைம்மா. மாத்திரையை ஒளிச்சு வெச்சது உங்க பொண்ணு. வலி தீராத பிள்ளை இன்னொரு டெஸ்ட்டுன்னா அழும். இவ டிரெஸ் எடுத்து வெச்சுக் காத்திருக்கா. குணமாயிட்டா நீங்க கூட வர மாட்டீங்களே.”

அங்கிருந்தே கடைக்காரருக்குப் போன் போட்டார். “நிம்மதியா இருங்க. நாளைக்குக் காலைல நானே வந்து கடையைத் திறந்து விடறேன்.”

அம்மாவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. “அடிப்பாவி, எலும்பு என்னத்துக்குடி ஆகும்! ‘கூட இரும்மா’ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் இருந்திருக்க மாட்டேனா?”

“கேட்டேம்மா,” என்றாள் மகள். “நீ போன்ல இருந்தே. அஞ்சு நிமிஷம்னு கையைக் காட்டினே. நான் அப்படியே தூங்கிட்டேன்.”