பதினேழு துண்டுகளும் ஒரு மூச்சும்

வீடு மாறி வந்த மூன்றாம் நாள் மதியம், பிரிக்காத பெட்டிகளுக்கு நடுவே கணினியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மகள் பள்ளியிலிருந்து வருவதற்குள் வேலையை முடித்துவிட வேண்டும். ஏழு வயது. "அம்மா சொன்ன கதைய நிறுத்தாம கேக்கணும்ப்பா" என்று ஒரு வாரமாக அதே பல்லவி.

என் மனைவி இறப்பதற்கு முன் ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து மகளுக்காகப் பதிவுசெய்த கதை அது. மழைக்குப் பயந்த ஆமையின் கதை. பதினேழு துண்டுகள். நுரையீரல் கைவிட்டிருந்ததால் ஒரு தடவைக்கு நாலு வாக்கியம்தான் முடிந்தது. நன்றாக இருந்த காலத்தில் வாயைத் திறந்தால் மூடமாட்டாள். நான் கிண்டல் செய்வேன். இப்போது நினைத்தால் நெஞ்சு அறுக்கிறது.

இலவச மென்பொருள் ஒன்றை மச்சினன் போட்டுக் கொடுத்திருந்தான். "ஒண்ணு பின்னாடி ஒண்ணா இழுத்துப் போடுங்க மாமா. கடைசியில ஒரே ஃபைலா சேமிச்சிடுங்க. அவ்ளோதான்."

சேர்த்துக் கேட்டேன். பேச்சை விட இளைப்புதான் அதிகம். குழந்தை இதையா கேட்க வேண்டும்? 'மௌனத்தை நீக்கு' என்று ஒரு வசதி இருந்தது. மூச்சுச் சத்தத்தையும் மௌனமாக எண்ணும்படி அளவைக் கூட்டி அழுத்தினேன். திணறல், இழுப்பு எல்லாம் போய், இருபத்திரண்டு நிமிடம் ஒன்பதாகச் சுருங்கியது. சேமித்தேன். அடைசல் எனக்கு ஆகாது. பழைய துண்டுகளை அடியோடு அழித்தேன். அவள் பதிவுசெய்த கைபேசியையும் முன்பே எல்லாம் அழித்து யாருக்கோ கொடுத்தாயிற்று.

ஓட்டிப் பார்த்தேன். நன்றாகத்தான் தொடங்கினாள். இரண்டாம் நிமிடத்தில் குரல் கம்மியது. மூன்றாவதில் கீச்சிட்டது.

"விடுங்க."

கதையில் அந்தச் சொல் இல்லை.

"மூச்சு விட விடுங்களேன்."

மச்சினனை அழைத்தேன். நீக்கியதை மீட்க முடியுமா?

"பழசு எல்லாத்தையுமா அழிச்சீங்க?" என்றான். பிறகு மெல்ல, "மாமா, அங்க யாரு திணறுறது?"

போனை வைத்துவிட்டேன். கதையின் கடைசியில் ஐந்து நிமிட வெறுமையைச் சேர்த்தேன். "மூச்சு எடுத்துக்கோம்மா" என்று வாய்விட்டே சொல்லி, மறுபடி ஓட்டினேன்.

கதை முடிந்தது. திரையில் கோடு அசையாமல் கிடந்தது. அப்போது அவள் மூச்சை உள்ளே இழுக்கத் தொடங்கினாள். நிம்மதியில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இழுப்பு நிற்கவில்லை.

ஐந்து நிமிடமும் தீர்ந்தது. மின்கம்பியைப் பிடுங்கினேன். திரை இருண்டது.

இழுப்பு நிற்கவில்லை.

ஜன்னல் திரைச்சீலை அறைக்குள் உப்பி அப்படியே நின்றது. என் காது அடைத்தது.

மகள் வந்தாள். "அம்மா வந்துட்டாங்களாப்பா?" என்று முகம் மலர உள்ளே ஓடினாள். அறை நடுவில் அவள் வாய் திறந்தது, குரல் வரவில்லை. தொண்டையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். வாரிக்கொண்டு ஓடினேன். தெருக்கோடியில்தான் அவளுக்கு மூச்சு திரும்பியது.

நாங்கள் இப்போது மச்சினன் வீட்டில் இருக்கிறோம். நேற்று வீட்டுக்காரர் போன் செய்தார். "கதவைத் திறக்க முடியலைங்க. உள்ள இருந்து யாரோ இழுத்துப் பிடிச்ச மாதிரி இருக்கு."

இன்றோடு பதினொரு நாள். அந்த வீட்டில் அவள் இன்னும் மூச்சை வெளியே விடவில்லை.