நுனியில் ஒரு முடிச்சு

அந்தத் தட்டில் பச்சை அணைந்திருக்க வேண்டும்.

ஆய்வுக்கூடத்தின் இருட்டறையில், குளிர்பெட்டியின் உறுமலும் ஈரச்சுவரின் புளித்த வாடையும் சூழ, அவன் நீல ஒளி டார்ச்சை அடித்தபோது, மருந்து கலக்காத வளர்ப்புக் கூழின் மேல் பூஞ்சை பச்சையாக ஒளிர்ந்தது. அணைத்துவிட்டு, கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி அடித்தான், அப்போதும் ஒளிர்ந்தது.

நுரையீரலைத் தின்னும் பூஞ்சை. அதற்குள் ஒளிரும் அந்நிய மரபணுத் துண்டை வைத்தவள் அவன் மனைவி. பூஞ்சையைக் கொல்லும் மருந்திலிருந்து தப்பும் வழியும் அதே துண்டில்தான் இருந்தது. அதனால் கூழில் மருந்து இருக்கும்வரை பூஞ்சை அந்தத் துண்டை விடாது. இரு நுனியிலும் தன் சொந்த முடிச்சைப் போட்டுப் பத்திரமாக வைத்துக்கொள்ளும். மருந்தை நிறுத்தினால் சில தலைமுறைகளில் கைகழுவிவிடும்.

"உங்கள முந்தானையில முடிஞ்சு வெச்சிருக்கேன்ல, அந்த மாதிரிதான்," என்பாள். "தேவை தீர்ந்தா அவுத்து விட்டுடுவேன்."

அந்தப் பூஞ்சை அவள் மூச்சில் ஏறியது. மழைக்காலம் முடிவதற்குள் அவள் இல்லை. இந்தத் தட்டில் இருப்பது அவள் நுரையீரலிலிருந்து எடுத்து வளர்த்தது.

"மச்சான், ரிசல்ட் வந்துடுச்சு." கூட வேலை செய்யும் நெட்டை, கதவருகிலேயே நின்றான். "நாம வெச்ச துண்டு நீண்டிருக்கு. கூட ஒண்ணச் சேத்து முடிச்சு போட்டிருக்கு."

"என்னத்த?"

"மனுஷ டிஎன்ஏ." தாளை நீட்டினான். "அவங்களோடதுடா. எல்லாத்தையும் ஆட்டோகிளேவ்ல போட்டு அவிச்சுடு. வீட்டுக்குப் போ. பாப்பா காத்துட்டிருக்கும்."

மற்ற தட்டுகளை அவித்தான். அதை மட்டும் டேப் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.

வீட்டு அலமாரியில், அவள் புடவைகளுக்கு அடியில் ஒளித்தான். மாலைதோறும் கதவைச் சாத்திக்கொண்டு டார்ச் அடித்துப் பார்த்தான். பேசவும் செய்தான். ஒருநாள் கதவிடுக்கில் மகள்.

"யாருப்பா உள்ள?"

"அம்மா." வாய் தவறி வந்துவிட்டது.

இன்று அவன் வந்தபோது மின்சாரம் இல்லை. பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் அக்கா மெழுகுவத்தி வாங்கக் கடைக்குப் போயிருந்தாள். ஃபேனும் ஃபிரிட்ஜும் ஓய்ந்த வீட்டில், ஆய்வுக்கூடத்து இருட்டறையின் அதே புளித்த வாடை கூடம்வரை பரவியிருக்க, படுக்கையறைக்குள்ளிருந்து ஒரு இருமல் கேட்டது. வறண்ட இருமல்.

அவன் மனைவிக்கும் அப்படித்தான் தொடங்கியது.

அலமாரி திறந்திருந்தது. புடவைகள் தரையில். டேப் சுருள் சுருளாக. மூடி ஒரு பக்கம்.

தட்டு காலி. கூழில் சின்ன விரல் வழித்த தடம்.

"பாப்பா?"

"இங்கப்பா." கட்டிலுக்கு அந்தப்புறம்.

"தட்ட என்னடா கண்ணு பண்ணின?"

"தினமும் மோந்து பாப்பேன். அம்மா வாசனை." இருமினாள். "உள்ள தனியா இருந்தாங்க. நானே வெச்சுக்கிட்டேன்."

டார்ச். அடித்தான்.

அம்மாவின் புடவையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சிரித்தாள். உதட்டில் பச்சை. பல்லிடுக்கில் பச்சை. நாக்கில்.

"உங்கள அவுத்து விட மாட்டேன்."

குரல் மகளுடையது. பேச்சு அவளுடையது.

பச்சை விரல்கள் முந்தானை நுனியை இழுத்து, நிதானமாக, முடிச்சுப் போடத் தொடங்கின.