இன்னும் நூறு

கூடத்திலிருந்து சமையலறை வரை போகும் நடைவழி அவள் நடைக்கு இருபத்தைந்து காலடி. அன்று சாயங்காலம் அதை நாற்பது முறை கடந்துவிட்டு நின்றாள். ஆயிரம். ஆனால் இடுப்பில் மாட்டியிருந்த நண்டு ஆயிரத்து ஐந்நூறு என்று காட்டியது.

நண்டு என்பது காலடி எண்ணும் பெடோமீட்டர். தீப்பெட்டியில் பாதி இருக்கும். இடுப்புத் துணியைக் கவ்விப் பிடிக்கும் அதன் கொக்கியைப் பார்த்து அவள் வீட்டுக்காரர் வைத்த பெயர் அது. உள்ளே ஒரு சின்ன எடை தொங்குகிறது. காலை ஊன்றி உடம்பு அதிரும்போது அது துள்ளி ‘டிக்’ என்னும், திரையில் ஓர் எண் கூடும். அவர் போய் ஏழு வாரம் ஆகிறது. கதவோரத்து ஆணியில் சும்மா தொங்கிக் கிடந்ததை, வெளியூரில் இருக்கும் மகள் போனில் நச்சரித்ததால்தான் எடுத்து மாட்டினாள். உனக்குச் சர்க்கரை ஏறிக் கிடக்கிறது, உட்கார்ந்தே இருந்தால் அப்பாவுக்கு வந்தது உனக்கும் வரும், எண் ஏறுவதைப் பார்த்தால் நடக்க ஒரு ஆசை வரும் என்று மகள் சொன்னாள்.

எண்ணுவதில் அவள் தப்பு செய்ய மாட்டாள். முப்பது வருஷம் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. மைக்ரோஸ்கோப்பில் ஒரு கண்ணை வைத்துக் கட்டம் கட்டமாக ரத்த அணுக்களை எண்ணியவள். பக்கத்து மேஜைக்காரி மாமியார் புராணம் பாடிக்கொண்டிருந்தாலும் எண்ணிக்கை பிசகாது. படி ஏறினால் படி, வெங்காயம் நறுக்கினால் துண்டு. எண்ணாமல் இருக்கத்தான் அவளுக்குத் தெரியாது. அவர் அவளைக் கூப்பிடுவதே மைக்ரோஸ்கோப் என்றுதான். யார் கண்ணில் வேண்டுமானாலும் மண் தூவலாம், உன் கண்ணில் முடியாது என்று கல்யாணமான புதிதில் சொன்னது, அப்படியே பெயராக ஒட்டிக்கொண்டது.

மறுநாள் எண்ணைப் பூஜ்ஜியமாக்கிவிட்டு மறுபடி நடந்தாள். ஆயிரத்து ஐந்நூறு. சோதனைக் கூடத்துப் புத்தி விடவில்லை. மாட்டிக்கொண்டு கால்மணி நேரம் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்தாள், ஒன்றும் ஏறவில்லை. எழுந்து இருபது காலடி நடந்தாள், முப்பது. பழசாகிவிட்டது, பேட்டரி போயிருக்கும் என்று சொல்லி மகள் புதிதாக ஒன்று அனுப்பி வைத்தாள். அதையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டிக்கொண்டு ஆயிரம் நடந்தாள். புதியது ஆயிரம் என்றது. நண்டு ஆயிரத்து ஐந்நூறில் நின்றது.

அன்றைக்குத்தான் சத்தத்தைக் கவனித்தாள். தெருவில் வண்டிகள் குறைந்து, கீழ்வீட்டுத் தையல் மெஷினும் ஓய்ந்து, வீட்டுக்குள் குளிர்சாதனப் பெட்டியின் முனகலும் குழாயில் சொட்டும் நீரும் மட்டுமே கேட்ட அந்தச் சாயங்கால நேரத்தில், அவள் இடது காலை ஊன்ற ஒரு டிக், வலது காலை ஊன்ற ஒரு டிக், இரண்டுக்கும் சற்றுப் பிந்தி, அவள் கால் எதுவும் தரையில் படாத இடைவெளியில், இன்னொரு டிக். அவளுடைய இரண்டு காலடிக்கு அந்த இன்னொருவருடைய ஒன்று.

இரண்டுக்கு ஒன்று என்ற அந்தக் கணக்கு அவளுக்குப் பழக்கமானதுதான்.

அவர் தபால்காரர். வேலையில் இருந்தவரை கணக்கே இல்லாமல் நடந்த மனுஷன். ஓய்வு பெற்ற மறு வருஷமே பக்கவாதம் இடது காலை எடுத்துக்கொண்டது. நடைவழிச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஒரு மரக்கைப்பிடி அடித்தார்கள். அதைப் பிடித்துக்கொண்டு வலது காலை ஊன்றி, செருப்பு மாட்டிய இடது காலை இழுத்து, மறுபடி வலது காலை ஊன்றி அவர் நடக்கப் பழகினார். ஒரு நாளைக்கு மூவாயிரம் காலடி என்று பிசியோதெரபி டாக்டர் சொல்லியிருந்தார். இழுபடும் காலில் அதிர்வு இல்லை, அதனால் நண்டு அதை எண்ணவே எண்ணாது. மூவாயிரம் நடந்தால் ஆயிரத்து ஐந்நூறுதான் காட்டும். இத்தனை வருஷம் உழைச்ச காலை இந்த நண்டு ஆள் கணக்கிலேயே சேர்க்கலையே என்று அவர் சிரிப்பார்.

ஆனாலும் அந்த எண் அவரை எழுப்பி நடக்கவைத்தது. ஐந்து மணியானால் தானாகவே கைப்பிடிக்கு வந்துவிடுவார். அவள் கோடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எண்ணுவாள். ஆயிரத்து ஐந்நூறு ஆனதும் அவள் எதிரில் வந்து நின்று, பழைய மேலதிகாரிக்கு வைப்பதுபோல் ஒரு சல்யூட் வைப்பார். “போதும், உக்காருங்க” என்று அவள் வாயால் சொன்னால்தான் உட்காருவார். வேண்டுமென்றே ஒருநாள் சொல்லாமல் இருந்து பார்த்தாள். கால் நடுங்க நடுங்க நின்றாரே தவிர உட்காரவில்லை. விளையாட்டுக்கும் ஒரு அளவு வேண்டாமா என்று அன்று அவள்தான் கோபித்துக்கொண்டாள்.

புதுச் செருப்பு வாங்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தாள். இழுத்து இழுத்து இடது செருப்பின் முன்பக்கம் பாதி தேய்ந்திருந்தது.

அந்த மூன்றாவது டிக்கைக் கேட்ட மறுநாள் காலை பெருக்கும்போது துடைப்பத்தில் கறுப்பாக ஏதோ வந்தது. விரலில் எடுத்து நசுக்கிப் பார்த்தாள். ரப்பர்த் துணுக்கு. கைப்பிடி இருக்கும் சுவரோரமாகவே, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை, ஒரு வரியாகக் கிடந்தது. அலமாரியின் கீழ்த்தட்டில் துணி சுற்றி வைத்திருந்த அவருடைய செருப்பை எடுத்துப் பார்த்தாள். வலது செருப்பு அப்படியே இருந்தது. இடது செருப்பின் முனை காகிதமாக மெலிந்திருந்தது. அவள் சுற்றி வைத்தபோது அப்படி இல்லை.

அன்று வாசலில் பார்த்த கீழ்வீட்டுத் தையல்காரம்மா தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

“சாயங்காலமானா மேல என்னங்க இழுக்கிறீங்க? சார் இருந்தப்போ கேட்ட சத்தம் மாதிரியே இருக்கு.”

நாற்காலி என்று சொல்லிவிட்டு மேலே வந்துவிட்டாள்.

இரண்டு நாள் அவள் நடக்கவில்லை. நண்டைப் பூஜ்ஜியமாக்கி ஆணியில் மாட்டிவிட்டுச் சாயங்காலம் முழுக்கப் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாள். அவர் எதற்கு வந்திருக்கிறார் என்று அவளுக்குத் தெரியும் என்றே நினைத்தாள். கேட்கத்தான் வந்திருக்கிறார். கேட்க அவருக்கு நியாயம் இருந்தது.

அது இப்படி நடந்தது. போவதற்குப் பத்து நாள் முன்பு அவரைக் கையும் களவுமாகப் பிடித்தாள். நாற்காலியில் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டு, நண்டைக் கையில் வைத்து ஆட்டிக்கொண்டிருந்தார். டிக் டிக் டிக். எண் ஏறிக்கொண்டே இருந்தது. மைக்ரோஸ்கோப் கண்ணிலேயே மண்ணைத் தூவலாமா என்று பார்த்தேன் என்று அசட்டுச் சிரிப்பு சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. இனி நீங்கள் சொல்வது எதையும் நம்பமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். சும்மா மிரட்டத்தான் சொன்னாள். ஆனால் நம்பாமலேதான் இருந்தாள்.

கடைசி நாள், ஆயிரத்து நானூற்று ஐம்பதில் அவர் நின்றார். முகம் வேர்த்திருந்தது. கைப்பிடியில் உள்ளங்கை ஈரம் பளபளத்தது.

“முடியல மைக்ரோஸ்கோப். இன்னிக்கு நிஜமாவே முடியல.”

“நடிக்காதீங்க. இன்னும் நூறு.”

அவர் ஒரு பெருமூச்சு விட்டார், பாதி சிரிப்பாக. திரும்பி நடந்தார். அறுபத்திரண்டு காலடி நடந்தார். அவள் எண்ணிக்கொண்டுதான் இருந்தாள். விழுந்தவரின் இடுப்பில் நண்டு ஆயிரத்து நானூற்று எண்பத்தொன்றில் நின்றிருந்தது. இதயம் என்றார்கள். இதை அவள் மகளிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு, சாத்திய கதவுக்கு வெளியே, ஆணியில் தொங்கிய நண்டு தானாக அடிக்க ஆரம்பித்தது.

டிக்.

பிறகு ஒரு இழுப்பு. தரையில் எதையோ தேய்த்துக்கொண்டு போகும் நீண்ட சத்தம்.

டிக்.

எவ்வளவு நேரம் காதைப் பொத்திக்கொண்டு இருக்க முடியும்? அவள் கதவைத் திறந்தாள். நடைவழியில் யாரும் இல்லை. சமையலறை ஜன்னலிலிருந்து வந்த மஞ்சள் வெயில் பாதித் தரை வரை நீண்டு கிடந்தது. அவர் காலுக்குத் தேய்த்துக்கொள்ளும் வலி மருந்தின் நெடி மூக்கில் ஏறியது. அவள் சுவரோடு ஒட்டியபடி போய், ஆணியிலிருந்து நண்டை எடுத்து, கோடி நாற்காலியில் உட்கார்ந்தாள். வேறு எங்கே உட்காருவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

உள்ளங்கையில் அது துடித்தது. முப்பத்தாறு. முப்பத்தேழு. சத்தம் அவளை நோக்கி வந்தது. அவள் முழங்காலுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. திரும்பியது. போயிற்று. கைப்பிடியின் மரம் வரிசையாக முனகியது, யாரோ பாரத்தைக் கொடுத்துப் பிடித்துப் பிடித்துப் போவதற்கு. அவள் கண்ணை மூடிக்கொண்டு எண்ணினாள். எண்ணிக்கை பிசகவில்லை.

வெயில் தரையிலிருந்து ஏறிச் சுவருக்குப் போய் மங்கியது. எழுநூறு. ஆயிரம். ஆயிரத்து நானூறு. இப்போது மூச்சும் கேட்டது. இரைப்பு. ஆயிரத்து நானூற்று ஐம்பதில் சத்தம் நிற்கும் என்று எதிர்பார்த்தாள். நிற்கவில்லை. எண்பத்தொன்று வந்தது. நிற்கவில்லை. எண்பத்திரண்டு.

ஐந்நூறு.

நின்றது. அவளுக்கு நேர் எதிரில்.

சல்யூட் வைக்கும்போது சட்டைக் கை உரசும் சத்தம் வந்தது. அப்புறம் ஒன்றும் இல்லை. இரைப்பு மட்டும். காத்திருக்கும் இரைப்பு.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. அவர் எதையும் கேட்க வரவில்லை. கோபம் இல்லை. அவள் ‘போதும்’ என்று சொல்லவில்லை, அவ்வளவுதான். ஏழு வாரமாக, அவள் எண்ணாத நாட்களிலும், தினமும் ஐந்து மணிக்கு நடந்து முடித்து, இந்தக் காலி நாற்காலிக்கு எதிரில் வந்து நின்று பார்த்துவிட்டு, மறுபடி திரும்பியிருக்கிறார். என்னங்க, என்னங்க என்று முனகினாள். ஏழு வாரமாக வராத அழுகை வந்தது.

கையை நீட்டி விளக்கைப் போட்டாள்.

எதிரில் யாரும் இல்லை. கைப்பிடியில் ஓர் உள்ளங்கை ஈரம் மெல்ல விரிந்துகொண்டிருந்தது. தரையில், சுவரோரம், வழக்கமான கறுப்பு வரி பாதி நடைவழி வரைதான் இருந்தது. அங்கே ரப்பர் தீர்ந்துவிட்டிருந்தது. அதற்கப்பால் அவள் காலடி வரை வந்த வரி சிவப்பாக இருந்தது. ஈரமாக. முப்பது வருஷம் முகர்ந்த வாசனை. அவளுக்குச் சந்தேகமே இல்லை.

ஒரு வார்த்தை. அவ்வளவுதான். உட்கார்ந்துவிடுவார். எல்லா வலியும் தீர்ந்துவிடும்.

அவள் வாயைத் திறந்தாள். திறந்தபடியே, அந்த வார்த்தைக்கு அப்புறம் இந்த வீடு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். குளிர்சாதனப் பெட்டியின் முனகல். குழாயில் சொட்டும் நீர். நாளைக்கு ஐந்து மணி. நாளை மறுநாள் ஐந்து மணி. எண்ணுவதற்கு ஒன்றுமே இல்லாமல்.

இரைப்பு காத்திருந்தது. சிவப்பு வரியின் முனையில் ஒரு சொட்டு திரண்டது.

“இன்னும் நூறு” என்றாள்.

பிறகு ஒரு பெருமூச்சு, பாதி சிரிப்பாக, அவள் முகத்தில் பட்டது. கைப்பிடி முனகியது. உள்ளங்கை ஈரம் அங்கிருந்து எழுந்து ஒரு சாண் தள்ளிப் பதிந்தது. பழைய சிவப்பு வரிக்குப் பக்கத்தில், அதைவிட அகலமாக, இன்னொன்று மெல்லத் தொடங்கி நீண்டது.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நண்டை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டு எண்ணினாள்.

ஒன்று.