கோடு போட்ட பனியன்

திரையில் சாமி மறைந்து, ரீல் மாற்ற விளக்கு எரிந்தபோது, மணியக்காரர் மனைவி சின்னம்மாளின் கழுத்தில் காசுமாலை இல்லை.

"ஐயோ, எம் மாலை!" என்று அவள் போட்ட சத்தத்தில் பெண்கள் பக்கம் மொத்தமும் வாரிச் சுருட்டிக்கொண்டு எழுந்தது. ஆண்கள் பக்கத்தில், எல்லோருக்கும் முன்னால், கொட்டகையின் ஒரே சாய்வு நாற்காலியில் இருந்த சப்-இன்ஸ்பெக்டர் முனிராஜ் அவசர அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மனிதர் அழுதுகொண்டிருந்தார்.

1940, மாசி மாதத்துச் சனிக்கிழமை. மொரப்பூர் ரயிலடிக்குப் பக்கத்தில் இருக்கும் புங்கம்பட்டிச் சந்தைத் திடலில், ராமக்காளின் டூரிங் டாக்கீஸ் கொட்டகை போட்டு அன்றுதான் முதல் ஆட்டம். கன்னடம் பேசும் தளிப் பக்கத்துக்காரரான முனிராஜ் அதுவரை பேசும் படம் பார்த்ததே இல்லை. பந்தோபஸ்துக்கு என்று வந்தவர் படத்தில் விழுந்துவிட்டார். பக்தனை யானையின் காலில் போடப் போகிறார்கள். மணி ஒலிக்கிறது. வானம் பிளந்து கருடன்மேல் பெருமாள் வருகிறார். அவ்வளவுதான், கொட்டகையில் ஒருவர் பாக்கியில்லாமல் எழுந்து கையைத் தலைக்குமேல் தூக்கிவிட்டார்கள். கற்பூரம் ஏற்றினார்கள், மண்ணில் விழுந்து சேவித்தார்கள். முனிராஜும் தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கும்பிட்டார். வெறும் துணி, வெறும் வெளிச்சம் என்று அவருக்குத் தெரியாதா? தெரிந்தும் உடம்பு முழுக்கப் புல்லரித்தது.

திருட்டு நடந்தது அந்த நேரத்தில்தான். சட்டம் ஒழுங்கு கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தபோது.

"வாசலை மூடு! ஒருத்தரையும் வெளியே விடாதே!" என்று கத்தினார் முனிராஜ்.

பெண்களை ராமக்காள் சோதித்தாள். நாடகக் கம்பெனியில் ராஜா வேஷம் கட்டிய உடம்பு அவளுக்கு. அவள் கை பட்டு எதுவும் தப்பாது. ஆண்களையும் கொட்டகை ஆட்களையும் போலீஸ்காரர்கள் வேட்டி மடிப்பு விடாமல் தடவினார்கள். பெஞ்சைக் கவிழ்த்து, மண்ணைக் கிளறிப் பார்த்தார்கள். மாலை இல்லை.

அப்போது ஒருவர் முன்னால் வந்தார். மாதேஸ்வரன். சேலத்து விளம்பரக் கம்பெனி ஏஜெண்ட். கொட்டகை போகும் ஊரெல்லாம் கூடவே போய், படத்துக்கு முன்னால் சோப்பு, டீத்தூள் விளம்பரங்களைத் திரையில் காட்ட வைப்பது அவர் வேலை. சிவந்த மேனி, வகிடெடுத்த கிராப்பு, மடிப்புக் கலையாத ஜிப்பா.

"திருடனை நான் பார்த்தேன் சார். கன்னங்கரேல்னு இருந்தான். முறுக்கு மீசை. கோடு போட்ட பனியன். தோள்ல சாக்கு, கையில கைவிளக்கு. பொம்பளைங்க பக்கத்துப் படுதாவைத் தூக்கிட்டு வெளியே ஓடினான்."

"ஆமாங்க! நானும் பாத்தனுங்க!" என்றது ஒரு குரல். பிறகு இன்னொன்று. மொத்தம் நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். நாலு பேருக்கும் அதே மீசை, அதே பனியன்.

போலீஸ்காரர் மாதப்பன் ரயிலடிக்கு ஓடி, ஒருவனைப் பிடித்து இழுத்து வந்தார். சித்தேரி மலைக்காரன். பெயர் தீர்த்தன். கறுப்பு, மீசை, தோளில் சாக்கு எல்லாம் சரி. பனியன் மட்டும் இல்லை. ஒரு வேட்டி, மேலே ஒரு துப்பட்டி.

"பனியனைக் கழட்டி எறிஞ்சிருப்பானுங்க," என்றார் மாதப்பன்.

"கைவிளக்கு?"

"அதையுந்தானுங்க."

"மாலை?"

"பொதைச்சிருப்பானுங்க."

மணியக்காரர் மீசையை நீவினார். "திங்கக்கிழமை இவனைக் கோர்ட்டுல நிறுத்துங்க. இல்லாட்டி நான் கலெக்டரைப் பாக்கறேன்." ஊர் ஒரே குரலில் தலையாட்டியது. தீர்த்தனுக்கு இருந்தது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை.

ஞாயிறு காலை முனிராஜ் கொட்டகைக்கு வந்தார். வாசலில் ஆளுயரத்துக்கு மேல் பலகையில் எழுதிய பெருமாள் நின்றார். கழுத்திலிருந்து இடுப்பு வரை ஜிகினாக் காகிதத்தில் செய்த நகைகள், சரம் சரமாகக் காகிதக் காசுகள். வருகிறவன் போகிறவன் எல்லாம் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனான். காற்று அடித்தது, மேல் சரத்தைத் தவிர மற்ற சரங்களெல்லாம் சலசலவென்று பறந்தன. முனிராஜும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு உள்ளே போனார்.

முதலில் சின்னம்மாள்.

"மாலையை எப்படி எடுத்தான்?"

"பின்னால கொக்கியைக் கழட்டியிருக்கானுங்க. நான் படுதா ஓரத்துப் பெஞ்சுல கடைசியா உக்காந்திருந்தேன்."

"ஒண்ணுமே தெரியலையா?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "பின்கழுத்துல சில்லுனு ஒரு கை பட்டுச்சுங்க. சாமி கைதான்னு நெனச்சேன். அதனால திரும்பவே இல்லீங்க."

"எப்படிப்பட்ட கை?"

"பூவாட்டம் இருந்துச்சுங்க. அவ்வளவு மெத்துனு."

சொல்லும்போதே அவள் கண் கலங்கியது. மாலை போன துக்கத்தையும் மீறி அந்த முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்ததை முனிராஜ் கவனித்தார்.

அடுத்து ராமக்காள்.

"நேத்து ரயிலு லேட்டுங்க. படப்பொட்டி வந்து சேரவே பொழுது சாஞ்சு போச்சு. ஜனம் கொட்டகையைப் பிரிச்சு மேஞ்சிரும்னு, வெளம்பரம் ஒண்ணும் போடாம நேரா படத்தையே ஓட்டச் சொல்லிட்டேன். அதுக்கு அந்த மாதேஸ்வரன் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டாரு. அப்புறம் எங்கியோ போயிட்டாரு."

மாதேஸ்வரன் வந்தார். ஜிப்பா அன்றும் வெள்ளை வெளேரென்று இருந்தது.

"எங்கே நின்னு பார்த்தீங்க?"

"ஆம்பளைங்க பக்கம் பின்னாடி சார்."

"அப்போ திரையில என்ன?"

"சாமி வர்ற இடம்."

"திருடன் கையில விளக்கு எரிஞ்சுதா?"

"எரிஞ்சுது சார். அதனாலதானே முகம் தெரிஞ்சுது."

"விளக்கைக் கொளுத்திக்கிட்டா திருட வந்தான்?"

"திருடன்னா அப்படித்தானே சார் வருவான்?"

முனிராஜ் அவரை அனுப்பிவிட்டு ஸ்டேஷனுக்குப் போனார். லாக்கப்பில் தீர்த்தன் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான்.

"எதுக்கு மலையிலிருந்து வந்தே?"

"சந்தைக்குத் தேன் கொண்டாந்தனுங்க. வித்துட்டு, பேசற படம் பாக்கலாமின்னு உள்ளே போனனுங்க."

"படத்துக்கு நடுவுல ஏன் எந்திரிச்சு ரயிலடிக்கு ஓடினே?"

தீர்த்தன் தலையைக் குனிந்தான். "சாமி வந்துட்டாருங்களே."

"சாமி வந்தா கும்பிடணும். ஓடுவாங்களா?"

"சந்தையில கருவாடு தின்னிருந்தனுங்க. அந்த வாயோட சாமி முன்னால எப்படிங்க நிக்கறது? எங்க மலையில நிக்க மாட்டமுங்க."

முனிராஜுக்குத் தான் சனிக்கிழமை மத்தியானம் ஒரு கை பார்த்த கோழிக் குழம்பு ஞாபகத்துக்கு வந்தது. அந்த வாயோடுதான் அவர் எல்லோருக்கும் முன்னால் நின்று உருகினார். சங்கடமாக இருந்தது.

"கையைக் காட்டு."

பாறையில் கொடி பிடித்து இறங்கித் தேன் எடுக்கிற கை. விரல் நுனி வரை காய்த்துப் போயிருந்தது. முனிராஜ் அதைத் தொட்டுப் பார்த்தார். இந்தக் கை பட்டால் யாரும் பூ என்று சொல்ல மாட்டார்கள்.

மத்தியானம் அவர் படம் ஓட்டும் அறைக்குப் போனார். ஆபரேட்டர் காளியன் இயந்திரத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தான்.

"சாமி வந்தப்ப நீ எங்கே இருந்தே?"

"இங்கதானுங்க. நான் கையை எடுத்தா படம் நின்னுருமுங்க."

படம் நிற்கவில்லை. அது ஊருக்கே தெரியும். முனிராஜ் பக்கத்தில் இருந்த மரப்பெட்டியைத் திறந்தார். திரையில் காட்டுவதற்காக விளம்பரப் படம் எழுதிய கண்ணாடித் துண்டுகள். ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சோப்பு போட்டுக் குளித்த பெண் சிவப்பு. நாற்காலியில் உட்கார்ந்து டீ குடிக்கும் கனவான் சிவப்பு. அதைத் தட்டில் வைத்து நீட்டும் வேலைக்காரன் கறுப்பு. கடைசிக் கண்ணாடி, பணம் நகை பூட்டி வைக்கும் இரும்புப் பெட்டிக் கம்பெனி ஒன்றுடையது. அதைத் தூக்கியதும் அவர் கை அப்படியே நின்றுவிட்டது.

கன்னங்கரேல். முறுக்கு மீசை. கோடு போட்ட பனியன். தோளில் சாக்கு. கையில் எரிகிற கைவிளக்கு.

"இது எப்போ வந்தது?"

"நேத்துப் படப்பொட்டியோட ரயில்ல வந்துச்சுங்க. மாதேஸ்வரன்தான் பிரிச்சு அடுக்குனாரு. இன்னும் எந்த ஊர்லயும் போடலீங்க."

முனிராஜ் நகரவில்லை. முந்தின நாள் படம் அவர் மனசில் மறுபடி ஓடியது. பெருமாள் நீலமேனிக்காரர், கார்மேக நிறத்தவர் என்று பாடிப் பாடித்தான் நாடு கும்பிடுகிறது. திரையில் வந்தவரோ பவுடர் பூசிப் பளபளவென்று இருந்தார். யானையை ஏவியவன்தான் கறுப்பு, அவனுக்குத்தான் மீசை. அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே முனிராஜ் அவனை வெறுத்திருந்தார். யார் சொல்லிக் கொடுத்தார்கள்? கையிலிருந்த கண்ணாடியில், அந்தத் திருடன்மேல், அவருடைய கறுத்த முகமும் மீசையும் மங்கலாகத் தெரிந்தன. காக்கிச் சட்டை மட்டும் இல்லையென்றால் மாதப்பன் தன்னையும்தான் இழுத்து வந்திருப்பார் என்று தோன்றியது. மனிதனை ஒரு சாண் கண்ணாடிக்குள் இப்படி அடைக்க முடியுமா என்று பிரமித்துப் போய், வெகு நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிறு, விளக்கு வைக்கும் நேரம். கொட்டகை நிரம்பி வழிந்தது. முனிராஜ் தீர்த்தனைக் கூட்டிவந்து தன் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்தார். முணுமுணுப்பு எழுந்தது. அவர் காளியனுக்குக் கையைக் காட்டினார்.

விளக்கு அணைந்தது. திரை முழுக்க, பனைமர உயரத்துக்கு, அந்தத் திருடன் நின்றான். எழுத்து எதுவும் தெரியாமல் காளியன் அட்டையால் மறைத்திருந்தான்.

"இவன்தானுங்க! இவனேதான்!" என்று கத்தினான் ஒரு சாட்சி. மற்ற மூவரும் எழுந்து விரலை நீட்டினார்கள். "நாங்க பாத்தது இவனைத்தான், அய்யா!"

"அட்டையை எடு, காளியா."

இரும்புப் பெட்டிக் கம்பெனியின் பெயர் பெரிய எழுத்தில் வந்தது. நீட்டிய விரல்கள் கீழே இறங்கின.

"இவன் மனுஷன் இல்லை. சாயம்," என்றார் முனிராஜ். "இந்தச் சந்தையில யாராவது கோடு போட்ட பனியன் போட்டுப் பார்த்திருக்கீங்களா? கிடையாது. பின்னே உங்க கண்ணுல எப்படி வந்தான்? ஒருத்தர் சொன்னார், நீங்க பார்த்துட்டீங்க. பொய் சொல்லணும்னு நீங்க சொல்லலை. திருடன் இப்படித்தான் இருப்பான்னு எல்லாரும் எப்பவோ நம்பிட்டோம். நானும்தான்."

நாலு பேரும் மெதுவாக உட்கார்ந்தார்கள்.

"சாமி வந்தப்போ யாராவது திரும்பிப் பார்த்தீங்களா? நெஞ்சுல கை வெச்சுச் சொல்லுங்க. நான் திரும்பலை. போலீஸ்காரன் நானே அழுதுட்டு நின்னேன். எல்லார் கண்ணும் மேலே இருந்தப்போ, கீழே பார்த்தேன்னு முதல்ல சொன்னது ஒரே ஒரு ஆள். முதல் ஆட்டத்துலயே, மணி அடிச்சா சாமி வரும், சாமி வந்தா ஜனம் தன்னை மறக்கும்னு தெரிஞ்ச ஆள். இந்தக் கண்ணாடியை இந்த ஊர்ல காளியனைத் தவிரப் பார்த்த ஒரே ஆள். காளியன் கை படத்துல இருந்தது. உங்க கை எங்கே இருந்தது, மாதேஸ்வரன்?"

"சார், என்னைச் சோதனை போட்டீங்களே!"

"போட்டோம். சாமியைத்தான் போடலை."

முனிராஜ் வாசலுக்குப் போனார். பூட்ஸைக் கழற்றினார். பலகைப் பெருமாளுக்கு முன் கைகூப்பி, மன்னிப்புக் கேட்பதுபோல் ஏதோ கன்னடத்தில் முணுமுணுத்தார். பிறகு காற்றில் பறக்காத அந்த மேல் சரத்தைக் கழற்றினார். கை சற்றுத் தாழ்ந்தது. காகிதம் அத்தனை கனக்காது.

"படுதாவுக்கு வெளியே சுத்தி வந்து, நாங்க வாசலை மூடறதுக்குள்ளே இதை மாட்டிட்டு உள்ளே வந்துட்டீங்க. எல்லாரும் கும்பிடுவாங்க, ஒருத்தரும் உத்துப் பார்க்க மாட்டாங்க. பலகையைப் பிரிக்கிற அன்னைக்கு எடுத்துக்கலாம்னு நெனச்சீங்க."

மாதேஸ்வரனின் முகம் வெளுத்தது. "எந்த ஊர்ல போட்டாலும் அந்த இடத்துல ஒருத்தர்கூடக் கீழே பார்க்கறதில்லை சார். பார்த்துப் பார்த்து எனக்கே பைத்தியம் பிடிச்சுது. ஒரு தடவை கையை நீட்டினா என்னன்னு தோணிப்போச்சு." மாதப்பன் அவர் கையில் விலங்கை மாட்டினார்.

மாலையைக் கையில் வாங்கிய சின்னம்மாள் அதைப் பார்க்கவில்லை. "அப்ப என்னைத் தொட்டது சாமி இல்லீங்களா?" என்று கேட்டுவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ராமக்காள் அவளைத் தோளோடு அணைத்துப் பெஞ்சில் உட்கார வைத்தாள்.

இத்தனைக்கும் தீர்த்தன் நாற்காலியை விட்டு அசையவில்லை. திரையில் இன்னும் எரிந்துகொண்டிருந்த அந்த உருவத்தை வாய் பிளந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீ போகலாம், தீர்த்தா," என்றார் முனிராஜ். "தப்பு எங்க மேல."

"அய்யா, இதை எழுதுனவரு எந்த ஊருங்க?"

"தெரியலை."

"எங்க மலைக்கு வந்திருக்காருங்களா?"

"வந்திருக்க மாட்டார்."

"என்னை எங்கியாச்சும் பாத்திருக்காருங்களா?"

"இல்லை."

தீர்த்தன் திரும்பி, கொட்டகை நிறைய உட்கார்ந்திருந்த முகங்களை ஒரு சுற்றுப் பார்த்தான். அவன் குரலில் கோபமே இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது.

"பாக்காமயே இத்தனை பேருக்கும் என்னைக் காட்டிட்டாருங்களே!"

முனிராஜ் தொப்பியை மாட்டிக்கொண்டு, தீர்த்தனின் காலிச் சாக்கை எடுத்து அவன் தோளில் போட்டார். வழியில் வேறு யாராவது அவனைப் பார்த்ததும் அடையாளம் கண்டுகொள்ளக் கூடாதே என்று, ஊர் எல்லை தாண்டும் வரை அவனோடு கூடவே நடந்தார்.