காலியாக வந்த பட்டியல்

துவாக்குடி பஸ் ஸ்டாப் டீக்கடையில் கியாசுதீன் இரண்டாவது டீயில் இருந்தான். ஏழு அரியர் வைத்திருப்பவனுக்கே வரும் நிதானம் அவனுடையது. கல்லூரியில் எது தொலைந்தாலும் கண்டுபிடித்துக் கொடுப்பான், மதிப்பெண்ணைத் தவிர.

கடைசி வருடத்து மலர்க்கொடி லேப்டாப்புடன் ஓடி வந்தாள்.

“அண்ணா, எங்க ப்ராஜெக்ட் லிஸ்ட்டை யாரோ அழிக்கிறாங்க. மூணு தடவை ஆச்சு.”

“உட்காரு. முதல்லேர்ந்து சொல்லு.”

நெல் இலையின் படத்தைக் கொடுத்தால் நோய் உண்டா என்று சொல்லும் ப்ரோக்ராம். எழுதியது அரவிந்தன். ரிப்போர்ட் பெலிண்டா. படங்கள் மலர்க்கொடி. பத்து நாள் முன்பு லால்குடியில் அவள் அப்பா அழகர்சாமி இலையில் புள்ளி பார்த்துப் படம் அனுப்பினார். அரவிந்தன் அதைத் தன் லேப்டாப்பில் ஓட்ட, ‘நோய் இல்லை, உறுதி 97.3 சதவீதம்’ என்று வந்தது. அவர் மருந்து அடிக்கவில்லை. நேற்று போன் செய்து, வயல் கருகுகிற மாதிரி இருக்கிறது என்றார்.

மறுபடி பார்க்கலாமென்றால் அரவிந்தனின் லேப்டாப் படுத்துவிட்டது. லேபில் ஓட்டலாம். ஆனால் ப்ரோக்ராமுக்கு என்னென்ன லைப்ரரி, அதாவது பிறர் எழுதி வைத்த துணை ப்ரோக்ராம்கள், தேவை என்ற பட்டியல் இல்லாமல் லேப் சார் எதையும் ஓட்ட விடமாட்டார். அந்தப் பட்டியலைத் தயாரிக்க ஒரு கருவி இருக்கிறது. ப்ரோக்ராமை வரிவரியாகப் படித்து, அது வெளியிலிருந்து கூப்பிடும் லைப்ரரிகளைத் தானே எழுதிவிடும்.

“திறந்து பாத்தா காலி. அப்பா வயல் ரெண்டு ஏக்கர்ண்ணா.”

“பெலிண்டாதான் பாய்,” என்றான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அனீஸ். கியாசுதீனின் உதவியாளனான அவனுக்கு எந்த வழக்கிலும் ஐந்தே நிமிடத்தில் குற்றவாளி கிடைத்துவிடும்.

கியாசுதீன் திரையைப் பார்த்தான். “ஃபைல் உருவானது காலைல மணி பத்து நாலு. கடைசியா மாத்தினதும் பத்து நாலு. யாரும் தொடல. கருவி ஏதாவது தப்புன்னுச்சா?”

“இல்லண்ணா, சரியா முடிஞ்சுதுன்னுதான் வந்துச்சு.”

“படம் குடுத்தா பதில் வர எவ்ளோ நேரம் ஆகும்?”

“உடனே வரும். அரவிந்தன் அவ்ளோ நல்லா எழுதியிருக்கான்.”

“எத்தனை சதவீதம்?”

“தொண்ணூத்தேழு புள்ளி மூணு.”

“எல்லாப் படத்துக்குமா?”

அவள் பழைய முடிவுகளை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். எல்லாம் 97.3.

“அவங்க ரெண்டு பேரையும் வரச் சொல்லு.”

பெலிண்டா பைண்டு செய்த ரிப்போர்ட்டோடு வந்தாள். அரவிந்தன் ஸ்ரீரங்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி, பன்னிரண்டு மணிக்கு, டீ வேண்டாம் என்றபடியே வந்தான்.

“மலர், உன் லேப்டாப்லயே ஓட்டு,” என்றான் கியாசுதீன்.

“இது தாங்காதுன்னு அரவிந்தன் சொன்னான். லைப்ரரி எதுவுமே போடலியே.”

“அதான். ஓட்டு.”

ஓடியது. கியாசுதீன் தன் செருப்பைப் படமெடுத்துக் கொடுத்தான். ‘நோய் இல்லை, உறுதி 97.3 சதவீதம்.’

“யாரும் எதையும் அழிக்கல. அந்த லிஸ்ட் ஒண்ணுதான் இந்த ப்ராஜெக்ட்ல உண்மையைச் சொல்லுது. இலையைப் பாக்கணும்னா படத்தைத் திறக்கவே ஒரு லைப்ரரி வேணும். இதுக்கு எதுவும் வேணாம். இது படத்தைத் திறக்கறதே இல்ல.”

“முதல் ரிவ்யூவுக்கு சும்மா ரெண்டு வரி எழுதினேன்,” என்றான் அரவிந்தன் தரையிடம். “கை தட்டினாங்க. அப்புறமா நிஜமா எழுதிக்கலாம்னு...”

“எண்பத்தி நாலு பக்கம்டா!” என்றாள் பெலிண்டா. “இந்த ரெண்டு வரியைப் பத்தியா எழுதினேன்?”

“அப்பா படம் அனுப்பினாரே?” என்றாள் மலர்க்கொடி.

“ரிப்போர்ட்ல போடக் கேக்கறேன்னு நெனச்சேன் மலர்.”

அவள் போனை எடுத்தாள். “அப்பா, மருந்து அடிச்சிடுங்கப்பா. இன்னிக்கே.”

அழகர்சாமியின் குரல் கடை முழுக்கக் கேட்டது. “இனிமே அடிச்சு என்னம்மா, கதிர் பூரா வெளுத்துப் போச்சு. எம்பொண்ணு கம்ப்யூட்டர்லயே பாத்துட்டான்னு பக்கத்து வயக்காரங்க ஆறு பேருக்கும் சொன்னேன். அவங்களும் அடிக்கல. வாசல்லதான் நிக்கறாங்க. இன்னிக்கு என்ன சொல்லுது உன் கம்ப்யூட்டர்?”

திரையில் கியாசுதீனின் செருப்பு இன்னும் ஆரோக்கியமாக இருந்தது.