நண்டின் பயன்வரி

செலின் கொரேரா காலையில் இருக்கையில் உட்கார்ந்ததும் முதலில் பயன்வரியை எழுதினாள். அதற்குப் பிறகுதான் நிரல். அந்தக் காலத்து ஆட்கள் தாளின் தலையில் பிள்ளையார் சுழி போட்ட மாதிரி, இந்தக் காலத்தில் ஒவ்வொரு நிரலின் தலையிலும் அது எதற்காக ஓடுகிறது என்று ஒரு வரி இருந்தாக வேண்டும். ‘நகரக் குடிநீர் வால்வு அழுத்தச் சீரமைப்பு.’ வேலையில் சேர்ந்த நாளிலிருந்து அவளுக்கு இதே வரிதான். கண்ணைக் கட்டிவிட்டாலும் விரல்கள் தாமாக அடித்துவிடும்.

வரி இல்லாத நிரலைப் பயனறி ஓடவிடாது. நாட்டில் உள்ள அத்தனை கணினிகளுக்கும் மேலே உட்கார்ந்துகொண்டு, எது எதற்குப் பயன்படுகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கும் தணிக்கைப் பொறி அது. சர்வர் கூடங்கள் ஊர் ஊராக மின்சாரத்தையும் தண்ணீரையும் குடித்துத் தீர்த்த வறட்சிக்குப் பிறகு வந்த சட்டம். குடத்தோடு தெருவில் நின்ற மக்களே கேட்டு வாங்கிய சட்டம் என்பதால் அதைக் குறை சொல்ல யாருக்கும் வாய் வராது. செலினும் குறை சொன்னதில்லை. அவள் வேலை பார்ப்பதே தூத்துக்குடிக் கடற்கரையில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தில்.

அன்றைக்கு அவள் பக்கத்து நாற்காலியில் ஆண்டுத் தணிக்கைக்கு வந்த திருமலைக்குமார் உட்கார்ந்திருந்தார். குரலை உயர்த்தத் தெரியாத மனிதர். கொடுத்த டீயை ஆறவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மேடம், உங்க வால்வு வரிக்குக் கீழ ஒரு நிரல் கூடுதலா இருக்கே. போன வருசம் இது இல்ல.”

செலின் திரையை மேலே உருட்டினாள். “பழைய சோதனை நிரலா இருக்கும் சார். பாத்துச் சொல்லுதேன்.”

பொய். அது என்னவென்று அவளுக்கு நன்றாகத் தெரியும். அது ஒரு நண்டு.

கல்லூரி நாட்களில் விளையாட்டாகத் தொடங்கிய இணையப் பக்கம். திரை முழுக்க மணல், மணலில் சில வளைகள், ஒரு நண்டு. விரலைக் கொண்டுபோனால் விழுந்தடித்து ஓடி ஒரு வளைக்குள் புகுந்து, நினைக்காத இடத்தில் எட்டிப் பார்க்கும். அவ்வளவுதான். பிறகு அதில் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனாள். முக்காணி, அரைக்காணி என்று பழைய பின்னங்களில் மட்டுமே கூட்டத் தெரிந்த கணக்குப் பொறி. அழுத்தப் போனால் நழுவி மூலைக்குப் போய் நின்றுகொள்ளும் பொத்தான். ஓடவிட்டால் தன் வரிகளையே தப்பில்லாமல் ஒப்பிக்கும் நிரல். அதன் வரிகளை அடுக்கினால் சாளை மீன் வடிவம் வரும். அந்த மீனுக்கு வால் வைக்க மட்டும் அவள் ஒரு மாதம் மண்டையை உடைத்திருக்கிறாள். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவளுக்கு வீட்டில் சத்தம் போட்டுச் சிரிக்கக் காரணம் அந்தப் பக்கம்தான். யார் யாரோ வந்து விளையாடிவிட்டுப் போவார்கள். யாரென்று அவள் கேட்டதில்லை.

சட்டத்துக்கு முந்தைய பக்கங்களுக்கு இருந்த விலக்கு இந்த ஆண்டோடு முடிந்தது. நண்டைப் புது இடத்துக்கு மாற்றியபோது நிரலின் தலையில் ஒரு வரி எழுத வேண்டியிருந்தது. விரல்கள் பழக்கத்தில் வால்வு வரியை அடித்துவிட்டன. பயனறி மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது. மறுநாள் கவனித்தபோது செலின் விழுந்து விழுந்து சிரித்தாள். திருத்தத்தான் நினைத்தாள். ஆனால் திருத்தினால் என்னவென்று எழுதுவது? நண்டுக்கு என்ன பயன்? இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டாள். அங்கேதான் பிசகினாள்.

“இந்த மாசத்திலேருந்து இணைப்பு விதி வந்துருக்குலா மேடம்,” என்றார் திருமலைக்குமார். “ஒரே பயனுக்கு ஒரே நிரல். ஒரே வரி இருக்கதையெல்லாம் பயனறி ஒண்ணாப் பின்னிரும். உங்களதையும் நேத்துப் பின்னிட்டு.”

செலின் கை விசைப்பலகை மேலேயே நின்றது. நேற்று மாலையிலிருந்துதான் மூன்றாம் வால்வு கிறுக்குப் பிடித்த மாதிரி திறந்து மூடுகிறது. அதைப் பார்க்கத்தான் குழாய் பிட்டர் இசக்கிமுத்து வால்வுக் குழிக்குள் இறங்கியிருக்கிறான்.

அதே நேரம் பேசும்கருவி கரகரத்தது. இசக்கிமுத்துவின் குரல்.

“அக்கா, வால்வு படக்குனு தொறக்குது. தண்ணி குழிக்குள்ள கொட்டுது. இடுப்புக்கு வந்துட்டு. நிறுத்துங்கக்கா.”

“ஏணில ஏறு முத்து. ஒடனே ஏறு.”

“ஏறுததுக்குள்ள அடிச்சுத் தள்ளுது. கொஞ்ச நேரம் சும்மா இருக்கு, பெறகு திடீர்னு தொறக்குது. எப்பன்னு சொல்ல முடியல.”

எப்போது என்று செலினுக்குத் தெரியும். யாரோ நண்டைத் தொடும்போது.

“மோட்டார நிறுத்துங்க,” என்று எழுந்துவிட்டார் திருமலைக்குமார்.

“நிறுத்தினா குழாய்ல நிக்க தண்ணி பின்னுக்கு வந்து அந்த வால்வத்தான் அறையும். அவன் செத்துருவான்.”

நண்டையும் வால்வையும் பிரிக்கும் விலகல் ஆணையை அவள் கொடுத்தாள். ‘பின்னல் பிரிக்கப்படுகிறது, பொறுக்கவும்’ என்றது திரை. பொறுக்க நேரமில்லை. பக்கத்தில் அதிகாரி நிற்கிறார். நண்டை இப்போது திறந்தால் பயனில்லா நிரலை ஓட்டியது, பொய்ப் பயன்வரி எழுதியது இரண்டையும் தானே ஒப்புக்கொண்டதாகிவிடும். நிரலர் சாவியைப் பறித்துவிடுவார்கள். அதன் பிறகு ஆயுளுக்கும் ஒரு வரி எழுத முடியாது. அவளுக்கு வேறு எதுவும் தெரியாது, வேறு எதன் மேலும் ஆசையும் இல்லை.

பேசும்கருவியில் தண்ணீர் இரைவதும் இசக்கிமுத்து இருமுவதும் கேட்டன. செலின் பக்கத்தைத் திறந்தாள்.

மணல் விரிந்தது. மூலையில் ‘ஒருவர் விளையாடிக்கொண்டிருக்கிறார்’ என்று இருந்தது. யாரோ ஒருவரின் விரல் மணலில் சின்னச் சின்னக் குழிகள் விட்டபடி நண்டைத் துரத்திக்கொண்டிருந்தது. விடாத விரல். நண்டு ஓட ஓட, பக்கத்துத் திரையில் வால்வின் முள் துள்ளியது.

“என்ன மேடம் இது?”

“என்னுது சார். பெறகு சொல்லுதேன்.”

எப்போதோ ஒரு மழைநாளில் அவள் ஒரு குறும்பு செய்துவைத்திருந்தாள். நண்டு வளைக்குள் இருக்கும்போது வளையின் வாயில் விரலை வைத்து அப்படியே அழுத்திக்கொண்டிருந்தால், யார் எங்கே தட்டினாலும் அது வெளியே வராது. விரல் ஒரு நூல் அசைந்தாலும் சிட்டாகப் பறந்துவிடும். எதற்கு என்றெல்லாம் இல்லை, செய்யத் தோன்றியது, செய்தாள். நண்டு வளைக்குள் புகும்வரை காத்திருந்து, செலின் விரலை வைத்தாள்.

முள் நின்றது.

“முத்து, இனி தொறக்காது. பைய ஏறு. அவசரப்படாத.”

“நிச்சயமாக்கா?”

“நான் பிடிச்சிருக்கேன். ஏறு.”

அந்தப் பக்கத்து விரல் விடுவதாயில்லை. வளையைச் சுற்றித் தட்டியது, நின்றது, மறுபடி தட்டியது. செலினின் விரல் நுனி வெளுத்தது. தோள் நடுங்கத் தொடங்கியதும் இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். நெற்றி வேர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. துடைக்கவில்லை. திருமலைக்குமார் தன் கைக்குட்டையை எடுத்து அவள் கண்ணை ஒற்றிவிட்டார்.

“ஏறிட்டேன்க்கா,” என்றது கருவி. “வெளிய உக்காந்துருக்கேன்.”

அதற்குப் பிறகும் அவளால் விரலை எடுக்க முடியவில்லை. அவர்தான் மெல்லப் பிடித்து எடுத்துவிட்டார். சற்று நேரத்தில் பின்னல் பிரிந்தது. திரையில் ஒரே ஒரு கட்டம் மிச்சம் இருந்தது. ‘விலக்கப்படும் நிரலின் உண்மைப் பயன்?’

திருமலைக்குமார் நாற்காலியை அருகே இழுத்துப் போட்டார். “மன அழுத்தக் குறைப்புன்னு போடுங்க மேடம். அதுக்கு ஒரு வகை இருக்கு. வரி மாறிப் போச்சு, கைத்தவறுன்னு நான் எழுதிக்கிடுதேன். பக்கமும் இருக்கும், சாவியும் உங்ககிட்டயே இருக்கும்.”

எழுதலாம். எழுதினால் பயனறி அந்தப் பயனுக்கு ஏற்றபடி நண்டைச் செதுக்கும். ஓடி ஒளிந்தால் சிலருக்கு எரிச்சல் வருகிறது என்று கண்டுபிடித்து, நண்டைக் கைக்குள் வந்து உட்காரச் சொல்லும். முக்காணியை எடுத்துவிடும், சாளை மீனை எடுத்துவிடும். அதுகூடப் பரவாயில்லை. ஏற்கெனவே ஒரு பொய் வரி எழுதி ஒருவனைக் குழித் தண்ணீரில் முக்கிவிட்டாள். இன்னொன்றை எழுத அவளுக்குக் கை வரவில்லை. தான் செய்ததை நினைத்து அவளுக்கு அவமானமாக இருந்தது.

‘ஒன்றும் இல்லை’ என்று அடித்தாள். கடைசியாக அடித்தது அதுதான். மணல் மறைந்தது. சாவி விளக்கு அணைந்து, விசைப்பலகை செத்துப்போனது. திருமலைக்குமார் தணிக்கை அறிக்கையைத் திறந்தார்.

கதவைத் தள்ளிக்கொண்டு இசக்கிமுத்து வந்தான். சொட்டச் சொட்ட நனைந்திருந்தான். தரையெல்லாம் ஈரமாக்கியதற்கு மன்னிப்புக் கேட்டான். பிறகு நெஞ்சில் கை வைத்து, “கும்பிட்ட சாமி மாதிரி பிடிச்சு நிறுத்துனீங்கக்கா,” என்றான். செலினால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

குழிக்கு வெளியே வைத்துவிட்டு இறங்கிய போன் அவன் கையில் அடித்தது. பேசி முடித்துவிட்டுச் சிரித்தான்.

“வீட்டுக்காரிதான். அழுதா. நான் குழில மாட்டுனது தெரிஞ்சு போச்சோன்னு பாத்தா, அதில்ல. அவ எதோ ஒரு நண்டு வச்சு வெளயாடுவா. அது திடீர்னு காணாமப் போச்சாம். நான் ஏறிட்டேன்னு சொல்லுததுக்குள்ள வச்சிட்டா.”

திருமலைக்குமாரின் கை நின்றது.

“அவளுக்கு நான் குழில எறங்குத அன்னைக்கெல்லாம் ஒரே படபடப்பு. ஏறிட்டேன்னு போன் பண்ணுத வரைக்கும் சோறு எறங்காது. அப்ப அந்த நண்டத்தான் வெரட்டிக்கிட்டே இருப்பாளாம். இன்னைக்கு ஒரு வளைக்குள்ள போயி வெளியவே வரலியாம், ஒடம்புக்கு என்னமோன்னு தட்டித் தட்டிப் பாத்திருக்கா.” தலையைத் துவட்டிக்கொண்டே அவன் கேட்டான். “அது யாரு போட்டதுன்னு உங்களுக்குத் தெரியுமாக்கா? திருப்பிப் போடச் சொல்லணும்.”

அறிக்கையில் ‘நண்டைத் தொட்டவர்’ என்ற கட்டத்துக்கு எதிரே பயனறி ஒரு வீட்டு முகவரியை நிரப்பி வைத்திருந்தது. திருமலைக்குமார் அதைப் பார்த்தார், செலினைப் பார்த்தார். பிறகு அழித்துவிட்டு, ‘தெரியவில்லை’ என்று எழுதினார்.

“தெரியும்,” என்றாள் செலின். “அதப் போட்டவளால இனி போட முடியாது முத்து.”

“அப்படியா? பாவம். என்ன சொல்ல நான் வீட்டுக்காரிகிட்ட?”

செலின் எழுந்து, செத்த விசைப்பலகையைப் பக்கத்தில் நகர்த்தி வைத்தாள்.

“முதல்ல போன் பண்ணி ஏறிட்டேன்னு சொல்லு.”