நெஞ்சால் அழுத்தாதே

ஜும்ஆ முடிந்து கொட்டிலுக்குத் திரும்பிய ஹயாத்து முகம்மது, மேசையில் குறுக்கே கிடந்த, துளை போடும் கரண்ட் துறப்பணத்தை ஒரு பக்கமாக நகர்த்தப் போனவன், அதன் அலகில் விரல் பட்டதும் சுள்ளென்று கையை இழுத்துக்கொண்டான். சூடு. பலகையைத் துளைத்துவிட்டு இப்போதுதான் வெளியே வந்த சூடு. தொழுகைக்காக, கரண்ட் தரும் எஞ்சினை நிறுத்தி வெகுநேரமாகிறது. கதவைப் பூட்டிய சாவியும் அவன் இடுப்பு வாரில்தான் கிடந்தது.

மேசைக்குக் கீழே புதுத்தூள் குவிந்திருந்தது. காலையில் பெய்த மழை கிடுகுக் கூரை வழியே ஒழுகித் தரையெல்லாம் ஈரம், ஆனால் அந்த ஈரத்துக்கும் மரத்துக்கும் உரிய வாசனை அங்கே இல்லை. மீன்வாடியில் செவுள் கிள்ளிப் போடுகிற மூலையில் அடிக்குமே ஒரு வாடை, அதுதான் மெல்ல மெல்ல மூக்கில் ஏறியது. அவன் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தான், தொட மனம் வரவில்லை.

யுத்தம் வந்த பிறகு மாம்புரிக் களப்புக் கரையில் பட்டாளத்துக்காகத் தோணி கட்டும் கொட்டில் அது. வெள்ளைக்காரத் துரை ஒருவன்தான் எஞ்சினையும் இரும்பு உடம்புக்காரியான இந்தத் துறப்பணத்தையும் லொறியில் கொண்டுவந்து இறக்கினான். கைத்துறப்பணத்தை நெஞ்சில் முட்டுக்கொடுத்து அழுத்திப் பழகிய ஆட்கள் இவர்கள். கைக்குப் பலம் போதாவிட்டால் நெஞ்சு தானாகவே முன்னால் போகும். இன்னாசிப்பிள்ளைக்கும் அப்படித்தான் போனது. அழுத்தினான், அலகு முறிந்தது, முறிந்த கட்டை சுழன்றபடியே அவனுக்குள் இறங்கியது. நல்ல மனுஷன், பகிடி விடாமல் ஒரு ஆணி அடிக்க மாட்டான். அவனை அடக்கம் பண்ணி ஒரு மாதம்கூட ஆகவில்லை. துறப்பணத்தைக் கழுவித் துடைத்துப் புது அலகு மாட்டிவிட்டார்கள். அதைப் பிசாசு என்று சொன்னவர்களை ஹயாத்துதான் வாய்க்கு வந்தபடி ஏசினான்.

இன்னாசியின் இடத்தில் இப்போது வேலைக்கு வந்திருப்பவன் ரஸாக், ஹயாத்தின் தங்கை மர்ளியாவின் புருஷன். கல்யாணம் முடிந்த ஈரம் இன்னும் காயவில்லை. காலையில் வீட்டுப் படலையடியில் அண்ணனை நிறுத்தி அவள் சொன்னாள்: "நானா, அவருக்கு எல்லாம் வெளாட்டு. நீங்கதான் பாத்துக்கணும்." அவனும் ஓம் என்று சொல்லிவிட்டு வந்தான்.

"என்ன மச்சான், பாம்பக் கண்ட மாதிரி நிக்கிறீங்க?" ரஸாக் தொப்பியை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தபடி உள்ளே வந்தான்.

"தொட்டுப் பாருங்க. சூடா ஈக்குது."

"வெயில் பட்டீக்கும்."

வெயிலாம் வெயில்! வெளியே களப்பு கறுத்துக் கிடந்தது. தென்னைகளெல்லாம் கடற்காற்றில் ஒரே பக்கமாகச் சாய்ந்து இரைந்தன. கொட்டிலுக்குள் பின்னேரத்துக்கு முன்பே இருள் கட்டிவிட்டது. ரஸாக் சிரித்துக்கொண்டே பலகையைப் பார்க்கத் திரும்பினான். அவனுடைய வெள்ளைச் சட்டையின் முதுகில், தோள்பட்டைகளுக்கு நடுவே, வெண்கட்டியால் போட்ட ஒரு வட்டம். வட்டத்துக்குள் ஒரு புள்ளி.

மற்றவர்கள் துளை விழும் இடத்தில் வெறும் கோடு கிழிப்பார்கள். வட்டம் போட்டுப் புள்ளி வைக்கிறவன் இன்னாசி ஒருவன்தான்.

"உங்கட முதுகில என்ன?"

"எதுலயாவது சாஞ்சீப்பேன். தட்டி விடுங்க."

ஹயாத்து உள்ளங்கையால் தேய்த்தான். போகவில்லை. எச்சில் தொட்டுத் தேய்த்தான். துணிக்குக் கீழே ரஸாக்கின் முதுகு இளஞ்சூடாக ஏறி இறங்கியது. வட்டம் அப்படியே இருந்தது. ஹயாத்து கையை எடுத்துக்கொண்டான். வெட்கமில்லாமல் பயந்தான்.

"மச்சான், வேல கெடக்கட்டும். வாங்க, ஊட்ட போவம்."

"நாளைக்குத் துரை தோணி கேட்டு வருவானே! பயப்புடாதீங்க, அதுக்கு நான் காவல் பண்ணீக்கிறேன்." ரஸாக் துறப்பணத்தின் பிடியைக் காட்டினான். கறுப்பு நூல், சுற்றுக்கு மேல் சுற்று. "உம்மா ஓதித் தந்த நூல். இன்னாசிக்கு நடந்தது இனி ஒருத்தருக்கும் நடக்கப்படாதுன்டு தொழப் போக முந்தியே கட்டிட்டேன்."

ஹயாத்து குனிந்து பார்த்தான். நூல் சுவிட்சின் மேலேறி, அதை உள்ளே அமுக்கி இறுக்கிக் கிடந்தது. எஞ்சின் ஓடாத நேரத்தில் கட்டியதால் அது ஒருவருக்கும் தெரியவில்லை. பிளக் தூணில் மாட்டியபடியே இருந்தது.

"அட பேயா! சுவிட்ச அமுக்கியல்லவா கட்டீக்கிறீங்க! பிளக்க..."

பின்னாலிருந்த எஞ்சின் கொட்டிலில், எஞ்சின் பார்க்கும் பதுர்தீன் காக்கா அதை முடுக்கிவிட்டார்.

துறப்பணம் துள்ளியது. மேசையில் ஒரு சுற்றுச் சுற்றி, வயரை இழுத்துக்கொண்டு விளிம்பிலிருந்து சரிந்தது. விழுந்து உடைந்தால் துரைக்கு என்ன சொல்வது என்ற எண்ணமாக இருக்கும், ரஸாக் பாய்ந்து இரண்டு கையாலும் பிடித்தான். வெறுங்கால். ஈரத்தரை. இரும்பு உடம்பு.

அவன் கத்தவில்லை. பல் கட்டிக்கொண்டது. கழுத்து நரம்பு புடைத்தது. விரல்கள் பிடியை விடவில்லை, முழங்கைகள் மட்டும் மடங்கின. மெதுவாக. அலகு அவன் பக்கமே திரும்பியது.

"விடுடா! கைய விடுடா!"

ஹயாத்து தூணுக்கு ஓடிப் பிளக்கைப் பிடுங்கினான். துறப்பணம் நிற்கவில்லை.

வயரின் முனை அவன் கையில் இருந்தது. வெறும் முனை. துறப்பணம் இரைந்தது.

தூணோரம் தொங்கிய கயிற்றை இழுத்தான். அதை இழுத்தால் எஞ்சின் கொட்டிலில் கட்டிய தகரம் ஆடும்; காது மந்தமான பதுர்தீன் அதைப் பார்த்து நிறுத்துவார். நிறுத்தினார். எஞ்சின் விக்கி அடங்கியது. மழைத்துளி சொட்டும் சத்தம் கேட்டது.

துறப்பணம் நிற்கவில்லை.

ரஸாக்கின் நெஞ்சு முன்னால் போனது. அவன்தான் அழுத்தினான். கண்கள் வேண்டாம் வேண்டாம் என்று கெஞ்ச, நெஞ்சு அழுத்தியது. துணி கிழிந்தது. பிறகு ஈரச் சத்தம். பிறகு எலும்பு. தூள் பறந்தது, சிவப்பாக, ஹயாத்தின் உதட்டில் பட்டது. ரஸாக்கின் முதுகில் வெள்ளை வட்டம் உப்பியது. புள்ளி கிழிந்து அலகின் நுனி வெளியே வந்து சுழன்றது.

"யா அல்லாஹ்!"

ஹயாத்து பிடியைப் பற்றி இழுத்தான். காலை ஊன்றி, அழுதுகொண்டே இழுத்தான். வந்தது. ரஸாக் தரையில் விழுந்தான். ஒரு கால் உதைத்தது. பிறகு அதுவும் இல்லை.

துறப்பணம் இப்போது ஹயாத்தின் கையில்.

வீசி எறியப் பார்த்தான். விரல் திறக்கவில்லை. மின்சாரம் இல்லை, எஞ்சின் இல்லை. ஆனாலும் விரல் திறக்கவில்லை. தாடை இறுகிக்கொண்டது. நாக்கு உள்ளே ஒட்டிக்கொண்டது.

வெளியே செருப்புச் சத்தம்.

"காக்கா, அவங்க ரெண்டு பேரும் எங்க? சோறு கொண்டாந்தீக்கிறேன்." மர்ளியா.

வராதே. புள்ள, வராதே. வாய் திறக்கவில்லை.

"உள்ளுக்குத்தான் ஈக்கிறாங்க, போங்க மகள்," என்றார் பதுர்தீன், அவள் கைச் சட்டியைப் பார்த்து.

அவன் கால் ஒரு அடி முன்னால் வைத்தது. அவன் வைக்கவில்லை. இன்னொரு அடி.

கை இரண்டிலும் சோற்றுச் சட்டி, அதனால் அவள் தோளால் கதவைத் தள்ளினாள். களப்புக் காற்று அவளுக்கு முன்பாக உள்ளே நுழைந்தது. இருளுக்குக் கண்ணைச் சுருக்கிச் சிரித்தபடி நின்றாள். "நானா, பருப்பும் கீரையும் மட்டுந்தான்..."

அவளுடைய முக்காட்டின் நுனி காற்றில் எழுந்து, மெதுவாக வந்து, அலகில் பட்டு, சுற்றத் தொடங்கியது.